நிரவலில் சொல்லை எங்கே நிறுத்துவது? பாடாந்தரத்தில் தப்பு இருந்தால் திருத்தலாமா?

மந்தர பஞ்சமம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். 11 பிள்ளைகள் வருகிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து கோயில் கச்சேரி பாடுவேன். பெரிய சபா மேடை எதுவும் ஏறினதில்லை. மூன்று வாரமாக ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நவராத்திரியில் ஒரு கோயிலில் ஒன்றரை மணி நேரக் கச்சேரி. கல்யாணி ராகத்தில் தியாகராஜரின் தெலுங்குக் கிருதி 'நிதி சால சுகமா' மெயின். 'மமத பந்தன யுத நரஸ்துதி சுகமா' என்ற இடத்தில் நிரவல் (ஒரே வரியின் சொல்லை வைத்துக்கொண்டு ராகத்தைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) எடுத்தேன். அன்றைக்குக் குரல் சொன்னபடி கேட்டது. மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நிற்க முடிந்தது. வயலின் வாசித்த தம்பியும் நன்றாக ஈடுகொடுத்தான். பத்து நிமிஷத்துக்கு மேலேயே போயிருக்கும். ஜனங்கள் கை தட்டினார்கள். திருப்தியாகத்தான் மேடையை விட்டு இறங்கினேன்.

பிரசாதம் வாங்கும் இடத்தில் ஒரு வயசான அம்மா கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தாய்மொழி தெலுங்கு, ஆனால் தமிழும் சரளமாகப் பேசினார். "நல்ல குரல்மா உனக்கு. ஒண்ணு கேக்கட்டுமா? தியாகராஜர் கேள்வியா கேட்டதை நீ ஏம்மா பதிலா மாத்திப் பாடினே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே மெதுவாகப் பாடிக் காட்டினார். நான் 'நரஸ்துதி சுகம்' வரைக்கும் சொல்லி நிறுத்தி, மூச்சு எடுத்து, மிச்சமுள்ள 'ஆ'வைத் தனியாகப் பிடித்து அகாரமாக நீட்டியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும். 'சுகமா' என்றால் கேள்வி. 'சுகம்' என்று முடித்துவிட்டால், மனுஷனைப் புகழ்ந்து பாடுவது சுகம் என்று ஆகிவிடுகிறது. "அவர் எதை வேண்டாம்னு தள்ளினாரோ அதையே அவர் வாயில வெச்சுட்டியேம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனாலேயே இன்னும் ஆழமாகத் தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 12 வயசில் எழுதியது. 'சுக'வுக்கும் 'மா'வுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அங்கே மூச்சு எடுக்கணும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததாகத்தான் 26 வருஷமாகப் பாடி வருகிறேன். என் பிள்ளைகளுக்கும் அப்படியே பாடம் ஆகிவிட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. போன வருஷம் இந்தப் பாட்டை ஆரம்பித்தபோது எட்டு வயசுப் பெண் ஒருத்தி, "மிஸ், ராமர்கிட்ட சுகமான்னு விசாரிக்கிறாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "அதெல்லாம் அப்புறம், முதல்ல ஸ்ருதியில நில்லு" என்று அடக்கிவிட்டேன். அர்த்தத்தில் கொஞ்சம் தப்பியிருந்தாலும், அது கேள்வி என்பதை அந்தக் குழந்தை காது கண்டுபிடித்துவிட்டது. எனக்கு 26 வருஷமாகத் தோன்றவில்லை.

டீச்சருக்கு இப்போது 81 வயசு. கும்பகோணத்தில் இருக்கிறார். பாடாந்தரத்தில், அதாவது குரு பாடிக் கொடுத்த வடிவத்தில், ஒரு அனுஸ்வரத்தை (ஸ்வரத்தை ஒட்டி வரும் நுண்ணிய ஸ்வரம்) மாற்றினாலும் முகம் வாடிவிடும். எனக்கு இரண்டு சந்தேகம். அவர் கொடுத்ததை நான் திருத்தலாமா? நன்றாகத் தெரியாத மொழியில் நிரவல் செய்வதே தப்பா, நிரவலைத் தமிழ்ப் பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? சில பெற்றோரும் 'எங்க பிள்ளைக்குத் தமிழ்ப்பாட்டே சொல்லிக்கொடுங்க' என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

திருமுறை அடியவன் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பாடகன் அல்லன். ஓதுவார் ஒருவரிடம் பல ஆண்டு அமர்ந்து கேட்டவன்.

அந்த மூதாட்டி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் குற்றம் உங்களுடையது மட்டும் அன்று. தாய்மொழியல்லாத மொழியில், அதுவும் மேடையில், அந்தக் கணத்தில் சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் விரிவு செய் என்று கேட்கிறோம். அதற்கு வேண்டிய மொழிப்பாடத்தை மட்டும் யாரும் தருவதில்லை.

1941-ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரோடு ராஜாஜியும் கல்கியும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும் நின்றார்கள். கச்சேரியின் வால்பகுதியில் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த தமிழ்ப்பாட்டை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. இன்றைக்கும் ராகம் பாடி, நிரவல் பாடி, ஸ்வரம் பாடி, மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விடுகிற இடத்தில் தமிழ்ப்பாட்டைக் கேட்பது எத்தனை கச்சேரியில் வாய்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

உருப்படிக்கா பஞ்சம்? உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சீர்காழி. தியாகராஜர் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே முத்துத்தாண்டவர் அங்கே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழில் பாடிவைத்தார். பிறகு அருணாசலக் கவியின் இராம நாடகக் கீர்த்தனை, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். கோடீஸ்வர ஐயர் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழிலேயே செய்து காட்டிவிட்டார். பாபநாசம் சிவனும் பெரியசாமித் தூரனும் நம் பெற்றோர் காலத்தவர்கள். காம்போதியில் 'காணக் கண் கோடி வேண்டும்' பாடி நிரவல் செய்து பாருங்கள். சொல் தவறான இடத்தில் உடைந்தால் உங்கள் காதே உங்களைப் பிடித்து நிறுத்தும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவும் நெற்றியைச் சுருக்குவார். தெலுங்கில் அந்தக் காவல் உங்களுக்கு இல்லை. ஆகவே நிரவலைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கேட்பது நியாயமே.

தோடிப் பித்தன் எழுதியது:

அம்மா, ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. கை தட்டின ஜனங்க பொய்யா தட்டலையே. ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி வாசிச்சப்போ அதுல ஒரு சொல் உண்டா? ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்காங்க. சங்கீதத்தில் சொல்லுங்கிறது ராகம் நிக்கிறதுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். சொல்லை ரொம்பப் பார்த்தா உணர்ச்சி போயிடும். டீச்சர் சொன்னபடியே பாடுங்க.

நாலாம் தந்தி எழுதியது:

31 வருஷமாப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன், வயலின். உங்க கேள்வியைப் படிச்சதுமே பதில் எழுதணும்னு தோணிச்சு. ஏன்னா பாடகர் சொல்லை எங்கே உடைக்கிறார்ங்கிறது முதல்ல எங்க கைக்குத்தான் தெரியும்.

எப்படின்னா, நிரவலில் நீங்க ஒரு சுற்றுப் பாடி நிறுத்துறீங்க. அடுத்த சுற்று நான் வாசிக்கணும். என் வாத்தியத்துக்கு வாய் கிடையாது. ஆனா எங்க வாத்தியார் கத்துக்கொடுத்தது சாகித்யத்தைத்தான். வில்லை எங்கே திருப்பணும்னு முடிவு பண்றது எழுத்து. நெடில் வந்தா ஒரே இழுப்பு. ஒற்று இரட்டிச்சா வில்லைத் தந்தியிலேயே ஒரு இமைப்பொழுது அழுத்தி நிறுத்தி விடணும். 'நரஸ்துதி'யில் ஸ்-ல அந்த அழுத்தம் வரணும், 'து'வில் வில் திரும்பணும். 'சுகமா'வில் கடைசி 'மா' ஒரே வில்லில் போகணும். நீங்க 'சுகம்'னு மூடிட்டு 'ஆ'ன்னு ஆரம்பிச்சா நானும் அங்கே வில்லைத் திருப்பியாகணும். அப்படித் திருப்பின மறுநிமிஷமே இது வேற சொல்லாயிடுச்சுன்னு கையில் உறுத்தும். உங்க பக்கத்தில் உட்கார்ந்த அந்தத் தம்பிக்கும் உறுத்தியிருக்கும். வயசு காரணமா சொல்லத் தயங்கியிருப்பார். அடுத்த தடவை அவரையே கேளுங்க.

தோடிப் பித்தன் ஐயாவுக்கு ஒண்ணு சொல்லணும். ஆலாபனையில் சொல் இல்லை, சரி. அதனால அங்கே பொய் சொல்லவும் வழியில்லை. ஆனா அதே நாகஸ்வரக்காரர் கிருதி வாசிக்கிறப்போ கவனிச்சுக் கேளுங்க. நாக்கால துத்துகாரம் போட்டுப் போட்டு எழுத்தெழுத்தாப் பிரிச்சு ஊதுவார். பாட்டு தெரிஞ்சவன் காதுல சாகித்யம் அப்படியே விழும். சொல் பிடிமானம் மட்டும்தான்னா அவருக்கு அந்தச் சிரமமே வேண்டாமே. நிரவல்னாலே சொல்லை எடுத்துக்கிட்டு விரிக்கிறதுதான். இருக்கிற இத்தனை வரியில் இந்த ஒரு வரின்னு நீங்களே தேர்ந்தெடுத்துட்டு, அப்புறம் சொல் முக்கியம் இல்லைன்னா எப்படி?

திருமுறை அடியவன் ஐயா சொன்ன சரித்திரம் எல்லாம் எனக்கும் பெருமைதான். தமிழ் உருப்படி நடுக் கச்சேரிக்கு வரணும்ங்கிறதில் மறுபேச்சே இல்லை. ஆனா தமிழ்ல காது காவல் இருக்கும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன் ஐயா. அப்பர் தேவாரம் 'மாசில் வீணையும்' விருத்தமாப் பாட எத்தனையோ பேருக்கு வாசிச்சிருக்கேன். விருத்தத்துக்குத் தாளமே இல்லை. சொல்லைச் சரியா நிறுத்த எந்த இடைஞ்சலும் கிடையாது. அப்படியும் 'வீங்… கிளவேனிலும்'. 'மூசு வண்… டறை பொய்கையும்'. வீங்கு இளவேனில், வண்டு அறை பொய்கைன்னு பிரிக்கணும்னு பாடறவருக்கும் தெரியலை, கேக்கறவருக்கும் தெரியலை. ஒரு தடவை கச்சேரி முடிஞ்சதும் மிருதங்கத் தம்பி, எம்.எஸ்ஸி. படிச்ச பையன், "அண்ணே, வண்டு இருக்கிற அறையா அது?"ன்னு கேட்டான். தாய்மொழிங்கிற தைரியத்தில் நாம அகராதியையே திறக்கிறதில்லை. தெலுங்குப் பாட்டுக்காவது அர்த்தம் கேக்கணும்னு ஒரு பயம் இருக்கு.

அதனால மொழியை வெச்சு வேலி போடாதீங்கம்மா. நான் சொல்ற அளவு வேற. அந்த வரியை ராகம் தாளம் இல்லாம, பக்கத்து வீட்டு அம்மாகிட்ட பேசற மாதிரி உங்களால சொல்ல முடியுதா? எங்கே குரல் ஏறும், எங்கே இறங்கும், எது கேள்வி, யார்கிட்ட பேசறாருன்னு தெரியுதா? அப்ப நிரவல் பண்ணுங்க. தெரியலைன்னா அந்தக் கிருதியைக் கிருதியாப் பாடிட்டு ஸ்வரம் பாடிக்குங்க. இந்த அளவு தமிழுக்கும் ஒண்ணுதான்.

உங்க வரியையே எடுத்துக்குங்க. அந்தப் பாட்டு முழுக்கத் தராசு. நிதி பெரிய சுகமா, ராமனோட சந்நிதியில் சேவை பண்றது சுகமா, நிஜத்தைச் சொல்லு மனமேன்னு பல்லவி. நிதி, சந்நிதி. அந்த ரெண்டு சொல்லும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நிக்குது. 'சந்… நிதி'ன்னு நடுவில் மூச்சு எடுத்தீங்கன்னா ராமன் பக்கத் தட்டிலும் பணம் வந்து உட்கார்ந்துடும்! நீங்க எடுத்த நிரவல் வரியும் ஒரு தட்டுதான். மமதைங்கிற கட்டுல சிக்கின மனுஷனைத் துதிக்கிறது சுகமா? எதிர்த்தட்டு அடுத்த அடியில் இருக்கு, தியாகராஜன் வணங்கறவரோட கீர்த்தனம் சுகமா? பத்து நிமிஷம் ஒரு தட்டிலேயே நிக்காம, நிரவலை முடிச்சு இறங்கறப்போ நேரா அந்த அடுத்த அடியை எடுத்து முழுசாப் பாடுங்க. கேக்கறவங்களுக்குத் தராசு சமமாகிறது தெரியும். இது மிஸ்ரசாபு தாளம். தகிட தகதிமின்னு 7. தாளம் 3-லயும் 4-லயும் வெட்டிக்கிட்டுத்தான் போகும். அந்த வெட்டு உங்க கையில் இருக்கட்டும், மூச்சுக்கு வர வேண்டாம்.

பாடாந்தரம் பத்திக் கேட்டீங்க. என் வாத்தியத்தையே பாருங்க. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் வாசிச்சதைக் கேட்டு இதைக் கத்துக்கிட்டார். தஞ்சை நால்வர்ங்கிற அண்ணன் தம்பிகளில் வடிவேலு இதைக் கரைகண்டார். 1834-ல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செஞ்ச வயலினே கொடுத்தார். வந்த வாத்தியம் அப்படியேவா இருந்துச்சு? சுருதியை மாத்தினோம், ஸ-ப-ஸ-ப. நின்னுக்கிட்டுத் தாடையில் வெச்சு வாசிச்சதை உட்கார்ந்து கால்ல ஊன்றி வாசிச்சோம். கமகம், அதாவது ஸ்வரத்தோட அசைவு, வர்றதுக்காக விரலை நழுவவிட்டோம். பாட்டோட சொல்லை அது சொல்லக் கத்துக்கிட்ட பிறகுதான் நம்ம வாத்தியமாச்சு. பின்னாடி மாண்டலின் சீனிவாஸ், சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத் ரெண்டு பேரும் அந்த வழியிலதான் வந்தாங்க. சாக்ஸபோன்ல சாவேரி கேட்டா சாவேரியாத்தான் இருந்துச்சு. இத்தனை பெரிய மாற்றத்தைத் தாங்கின சம்பிரதாயம் நீங்க ஒரு மூச்சை நகர்த்தறதைத் தாங்காதா?

இருந்தாலும் கிருதியில் கை வைக்கிறதுக்கு முன்னாடி டீச்சரைப் பார்த்துக் கேளுங்க. சங்கதி, அதாவது ஒரு வரியைப் படிப்படியா மாத்திப் பாடற வகை, அவங்க கொடுத்த சொத்து. நிரவல் அப்படி இல்லை. அதை யாரும் பாடம் பண்ணிக் கொடுக்கலை, அன்னிக்கு மேடையில் நீங்க பண்றது. அங்கே சொல் உடைஞ்சா டீச்சர் மேல போட முடியாது. அதைத் திருத்த யார் அனுமதியும் வேண்டாம்.

கரிசல் எழுதியது:

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோவில்பட்டிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சு மட்டும்தான். அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தெலுங்கு பேசுகிறவர்களுக்கு தியாகராஜர் தானாகப் புரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 'நகுமோமு' என்றால் சிரித்த முகம். நாங்கள் சிரிப்பை நவ்வு என்போம். 'நகு' எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. நானும் பாட்டு வகுப்பில்தான் கற்றேன். அப்போது பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன், "எங்க குறள்ல இருக்கேடா, நகல், நகைன்னு" என்றான். அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. உங்கள் 'சுகமா'வும் அப்படித்தான் அக்கா. கேள்விக்கு 'ஆ' சேர்ப்பது இரண்டு மொழிக்கும் பொது. உங்கள் மாணவி கேட்டது அதனால்தான் சரியான இடத்தில் விழுந்தது.

இரண்டாவது, எழுத்து. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறோம். 'நகுமோமு' சரணத்தில் 'ககராஜு' என்று ஒரு வரி, அடுத்தது 'ககனானிகி' என்று. நோட்டில் இரண்டும் 'கக'. முதலாவது பறவைகளின் அரசன் கருடன், இரண்டாவது வானம். ஒலிப்பு வேறு வேறு. பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்ட க, ச, ட, த, ப தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டு அச்சடித்திருப்பார்கள். நாம் நோட்டில் நகல் எடுக்கும்போது அவசரத்தில் முதலில் விட்டுவிடுவது அந்த எண்ணைத்தான். நான் அப்படி விட்டுவிட்டு, கருடன் வானத்தில் பறக்கிறார் என்று ஒரு அர்த்தமும் நானே கற்பித்துக்கொண்டு நாலு வருஷம் பாடினேன். உண்மையில் அங்கே இருப்பது தாபம். உன் கட்டளையைக் கேட்டும் கருடன் வேகமாகக் கிளம்பவில்லையோ, வானத்துக்கும் பூமிக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டானோ, ஏன் இன்னும் நீ வரவில்லை என்று கேட்கிறார். அது தெரிந்த பிறகு 'பஹு தூரம்' என்ற இடத்தை என்னால் பழைய மாதிரி மிடுக்காகப் பாட முடியவில்லை. குரல் தானே தணிகிறது.

பிள்ளைகளுக்கு அந்த எண்களைப் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

திருமுறை அடியவன் எழுதியது:

நாலாம் தந்தி ஐயா, 'வண்டறை' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் நடந்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது உண்மை. 34 ஆண்டு வகுப்பெடுத்தவன், பாடலாகக் கேட்கும்போது நானே அந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

அந்த மிருதங்கத் தம்பியிடம் சொல்லுங்கள்: மூசுதல் என்றால் மொய்த்தல், அறைதல் என்றால் இங்கே ஒலித்தல். மொய்க்கிற வண்டுகள் ரீங்கரிக்கும் குளம். நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடியது என்பது வரலாறு. அந்தக் காளவாய்க்கு நீற்றறை என்று பெயர். வெந்து தணலாகக் கிடந்த ஓர் அறைக்குள் இருந்துகொண்டு வண்டு அறையும் குளிர்ந்த பொய்கையைப் பாடுகிறார். சொல்லைப் பிரிக்காமல் பாடினால் அந்தக் குளமே காணாமற்போய்விடுகிறது.

தமிழில் நிரவல் செய்யுங்கள் என்ற என் வேண்டுகோளை விடவில்லை. தமிழில் மட்டும் என்பதை எடுத்துக்கொள்கிறேன்.

மந்தர பஞ்சமம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய நோட்டை எடுத்துவந்தார். ஓரமெல்லாம் பொடிந்து உதிர்கிறது. அதே பாட்டு, அதே வரி. 'சுக'வுக்கும் 'மா'வுக்கும் நடுவில் சிவப்புப் பென்சிலில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. "இது தாளம்டீ. தட்டு விழற இடம்" என்றார். மூச்சுக்கு அவர் போட்டிருந்தது வேறு குறி, எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு பிறை. அந்தப் பிறை 'யுத'வுக்குப் பிறகு இருக்கிறது. 12 வயசில் நான் நகல் எடுத்தபோது என்னிடம் சிவப்புப் பென்சில் இல்லை. இரண்டு குறியையும் நீல மையில் ஒரே மாதிரிக் கோடாக இழுத்திருக்கிறேன். டீச்சர் அந்த இடத்தை அப்படிப் பாடவே இல்லை. என் நோட்டை நம்பினேன், அவர் குரலை மறந்துவிட்டேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமேடி" என்றார். "அர்த்தம் கேட்டா நீங்க திட்டுவீங்கன்னு பயம் டீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வாத்தியார்கிட்ட எனக்கும் அந்த பயம் இருந்துது" என்றார்.

தைரியம் வந்து இன்னொன்றும் கேட்டேன். காம்போதி ராகத்தில் தீட்சிதரின் சமஸ்கிருதக் கிருதி 'ஸ்ரீ சுப்ரஹ்மண்யாய நமஸ்தே'. 'வாஸவாதி சகல தேவ' என்ற இடத்தில் எங்கள் பாடாந்தரத்தில் 'வாஸவா'வில் நிறுத்தி மூச்சு எடுப்போம். வாஸவன் முதலான தேவர்கள் என்பது அர்த்தம். 'வாஸவா' என்று நிறுத்தினால் இந்திரனைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிறதே, இது தாளக்கோடா என்று கேட்டேன். இல்லையாம். அங்கே பிறைதான் இருந்தது. டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. "அது எங்க வாத்தியார் பாடின மாதிரி. அந்த சங்கதிக்கு மூச்சு அங்கதான் கிடைக்கும். நான் இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். நிரவலில் 'வாஸவாதி' என்று சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, பாடிக் காட்டு என்றார். பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரூபக தாளத்துல நீ எடுக்கிற இடம் நழுவறது பாரு, மறுபடி பாடு" என்றார். நாலு தடவை பாடின பிறகு விட்டார். கிருதிக்குள் இருக்கிற அந்த மூச்சு மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் இருக்கும்வரை தொடப் போவதில்லை.

வயலின் தம்பியையும் கேட்டேன். "ஆமாம் அக்கா, மூணாவது சுற்றிலேயே தெரிஞ்சுது" என்றான். இனிமேல் அப்படித் தெரிந்தால் வில்லை நிறுத்திவிடு, நான் புரிந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை வகுப்பு. 11 பேரும் நோட்டைத் திறந்து, தாளக்கோடு சிவப்பில், மூச்சு பிறையாக, க-வுக்கும் த-வுக்கும் எண் போட்டு எழுதினார்கள். இரண்டு வரிக்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தம்புராப் பெட்டியை அணைத்துவிட்டு, வரியைப் பேச்சாக மட்டும் சொல்லச் சொன்னேன். போன வருஷம் கேள்வி கேட்ட பெண்ணை முதலில் எழுப்பினேன். 'நிதி சால சுகமா' என்று இடது கையை விரித்தாள். 'ராமுனி சந்நிதி சேவ சுகமா' என்று வலது கையை விரித்தாள். அப்புறம் இரண்டு கையையும் அப்படியே வைத்துக்கொண்டு, "மிஸ், எந்தக் கை கீழே இறங்கணும்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்கு 'மாசில் வீணையும்' ஆரம்பிக்கிறேன்.